மைனாவிடம் தோற்ற மீசை

எங்கள் தோட்டத்து டீமேக்கரிடம் சீட்டியடிக்கிற மைனா ஒன்று இருந்தது. டீமேக்கர் என்பவர், ஃபெக்டரிக்குள் போகிற பச்சைக் கொழுந்து தூளாகி வெளியே வரும்வரை அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் போட்ட தூளைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. குடித்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், அதுவே போதும். ஆனால் அவருடைய மைனாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த மைனா ஃபெக்டரி வாசலில் கூண்டில் தொங்கியது. அதற்குத் தெரிந்தது ஒரே சீட்டி. தோட்டத்துத் துரை தன் நாயைக் கூப்பிடுவாரே, முதலில் நீட்டி, பிறகு மேலே தூக்கி ஒரு வெட்டு வெட்டி, அதே சீட்டி. ஒருநாள் துரையின் நாய் ஏமாந்து கூண்டுக்குக் கீழே வந்து வாலாட்டியது. துரை சிரித்தார். அன்றிலிருந்து டீமேக்கரின் நடையே மாறிப்போயிற்று. ஒரு மனிதன் வெள்ளைக்காரனைச் சிரிக்க வைத்ததற்காக இவ்வளவு நெஞ்சை நிமிர்த்த முடியும் என்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. நாய்க்குக் கிடைத்தது ஏமாற்றம், மைனாவுக்குக் கிடைத்தது வாழைப்பழம், இவருக்கு மட்டும் ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

நான் அப்போது அந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, மூச்சு வாங்க ஏறினால் வருகிற தோட்டம். கணக்கப்பிள்ளை என்றவுடன் கணக்கு எழுதுகிறவன் என்று நினைக்க வேண்டாம். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "முத்தலை எடுக்காத, அரும்பை விடாத" என்று நாள் முழுக்கக் கத்துகிறவன்தான் கணக்கப்பிள்ளை. நான் சொல்லி அவர்கள் கொழுந்தெடுக்கப் பழக வேண்டியதில்லை. என் அம்மா வயதுக்காரிகள் பாதிப்பேர். நான் தொட்டிலில் கிடந்து கத்திய காலத்திலேயே அவர்கள் கூடை சுமந்தவர்கள். அப்படியிருந்தும் என்னை "ஐயா" என்றார்கள். காரணம் என் அறிவா? இல்லை. என் குரலா? அது இரண்டு நிரைச் செடி தாண்டாது. காரணம் என் மீசை.

அது சாதாரண மீசை அல்ல. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி மேலே ஏறி, நுனியில் ஒரு சுழி சுழித்து நிற்கும். காலையில் தேங்காயெண்ணெய், மத்தியானம் வெறும் விரல், சாயங்காலம் மறுபடியும் எண்ணெய். மூடுபனி நாளில் அதன் நுனியில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கும். அதைத் துடைக்காமல் விடுவேன், கம்பீரமாக இருக்கும் என்று. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, கடல் கடந்து வந்தவர்கள் என்று எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வாக்கும் போய், பிரஜாவுரிமையும் போய்விட்டிருந்த காலம் அது. அரசாங்கக் கச்சேரிக்கு மனுப் போடாமல், எந்தத் துரையின் கையெழுத்தும் வாங்காமல் ஒருவன் வைத்துக்கொள்ளக்கூடியது மீசை ஒன்றுதான். நானும் வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருந்ததைப் பலரும் மறந்தே போனார்கள். முகத்துக்கும் அது நல்லதுதான்.

ஒரு பலத்த காற்றுக்குப் பிறகு ஃபெக்டரிக் கூரை இடுக்கிலிருந்து மைனாக் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. உடம்பில் இறகைவிடத் தோல்தான் அதிகம். தலைக்குப் பொருந்தாத வாய். வாயைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக ஒரு பள்ளத்தாக்கு. அழகில்லாத பிராணி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டியிருப்பேன். ஆனாலும் கையில் எடுத்தேன். எடுத்த இடம் கொழுந்து மடுவத்துக்குப் பக்கம். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அந்திக் கொழுந்து நிறுக்கப் பெண்கள் எல்லாரும் கூடையோடு அங்கே நின்றார்கள். டீமேக்கரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன ஐசே, கறிக்கோ?" என்றார்.

"வளக்கிறதுக்குங்க."

"வளத்துப் பாரும். ஆனா சீட்டி கீட்டி பழக்கலாமெண்டு நினைச்சுப் போடாதையும். அதுக்குச் சொண்டு வேணும் காணும், சொண்டு." தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். அவர் ஊரில் மனிதனுக்கு இருப்பதும் சொண்டுதான், பறவைக்கு இருப்பதும் சொண்டுதான். "உம்மட சொண்டு எங்கை இருக்கெண்டு அந்த மீசைக் காட்டுக்கை தேடித்தான் பிடிக்கோணும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் பிழை. டீமேக்கர் சொன்னதை நான் விட்டிருப்பேன். பெண்கள் சிரித்ததை விட முடியவில்லை. அதிலும் நிரையில் முதல் ஆளாக நிற்கும் வெற்றிலைக் கிழவி (நேரில் அப்படி அழைக்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை) வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சிரித்தாள்.

"அம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறுறதுக்கு முந்தி இந்த மைனா சீட்டியடிக்கும்ங்க" என்றேன்.

"அடியாட்டி?"

"அடிக்காட்டி என் மீசைய எடுத்துர்றேன்."

தராசில் கூடையை மாட்டியவன் கூட மாட்டியபடியே நின்றான்.

"அடிச்சா நீங்க எடுக்கணும்" என்றேன்.

டீமேக்கர் உடனே சம்மதித்தார். சம்மதிக்காமல் என்ன செய்வார்? அவருடைய மேலுதட்டில் இருந்தது, எறும்புகள் வரிசையாகப் புறப்பட்டுப் பாதி வழியில் மனம் மாறித் திரும்பிவிட்ட மாதிரி ஒரு கோடு. அதை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன? ஆனைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே தராசில் பந்தயம் கட்டியவன் நான். அந்த நேரத்தில் அது தெரியவில்லை.

குஞ்சை என் காம்பராவுக்குக் கொண்டுபோய் ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் வைத்தேன். லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய அறைகளில், கடைசிக் காம்பரா என்னுடையது. லயம் முழுக்க ஆலோசகர்கள். வசம்பை உரைத்து நாக்கில் தடவு, பிள்ளைக்குப் பேச்சு வருகிற மாதிரி இதற்குச் சீட்டி வரும் என்றார் ஒருவர். பச்சை மிளகாய் கொடு, நாக்கு தெறிக்கும் என்றார் இன்னொருவர். கம்பளியால் கூண்டை மூடி வை, இருட்டில்தான் காது திறக்கும் என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் செய்தேன். வசம்பைத் தடவியபோது என் விரலைக் கொத்தியது. மிளகாயைக் கொடுத்தபோது தின்றுவிட்டு இன்னும் கேட்டது. கம்பளியால் மூடியபோது தூங்கிப்போனது. வெட்டுக்கிளி பிடிக்க நான் ஓடிய ஓட்டத்தைத் துரை பார்த்திருந்தால், கணக்கப்பிள்ளை வேலையிலிருந்து எடுத்து நாயோடு கட்டிப்போட்டிருப்பார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். அந்தப் பாலை நான் தேத்தண்ணீரில் ஊற்றியிருக்கலாம். மாதக்கணக்கில் வெறும் சாயம் குடித்தேன், ஒரு பறவையின் கல்விக்காக.

இனி பாடம். காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன், அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கிற களத்துக்குப் போவதற்கு முன், கூண்டுக்கு எதிரே குந்தி உட்காருவேன். துரையின் சீட்டியை அடிக்கக் கூடாது, அது டீமேக்கரின் எச்சில் என்று முடிவு செய்திருந்தேன். கோயில் மேளத்தில் வருகிற ஒரு சின்னத் துண்டு. நாலைந்து சுரம் இருக்கும். மனசுக்குள் அருமையாக ஓடியது. உதட்டைக் குவித்து ஊதினேன்.

"ஃபூஸ்."

மறுபடியும் ஊதினேன். "ஃபூஸ்ஸ்."

காற்று வந்தது. எச்சில் வந்தது. சீட்டி மட்டும் வரவில்லை. மீசையின் மயிர்கள் உதட்டுக்கு மேல் வளைந்து விழுந்து, நான் ஊதுகிற காற்றை நடுவில் பிடித்துக் கசக்கிவிடுகின்றன என்று கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் சீட்டி நல்ல சீட்டி, மீசைதான் மறிக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து நாலு மயிரை வெட்டினால் தீர்ந்தது. ஆனால் மீசையைக் காப்பாற்றத்தானே இந்தப் பாடம்? மீசையை வெட்டிச் சீட்டி வாங்குவது, வீடு தீப்பிடிக்காமல் இருக்க வீட்டை இடிப்பது போல. வெட்டவில்லை. இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினேன். "ஃபூஸ்." வேறு இரண்டு விரலால் கீழுதட்டை இழுத்துக்கொண்டு ஊதினேன். "ஃபூஸ்." கடவுள் இரண்டே கை கொடுத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் லயத்தில் நின்று சீட்டியடிப்பது லேசான குற்றம் அல்ல. எதிரே பீலியில், மலைத்தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற இடத்தில், பெண்கள் குடம் வைத்திருப்பார்கள். எவன் சீட்டியடித்தாலும் தங்களைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு கோயில் பஞ்சாயத்துக்கு இழுப்பார்கள். நான் மாதக்கணக்கில் பீலிக்கு எதிரே குந்தியிருந்து ஊதினேன், ஒருத்தி முறைக்கவில்லை. வெற்றிலைக் கிழவி மட்டும் ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"ஐயாவுக்கு இழுப்பு நோவா? துளசியும் மொளகும் தட்டிப் போட்டுக் குடிங்க. பனி ஒத்துக்கல போல."

அவமானத்தில் இதைவிடக் கீழே ஒரு படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தது.

குஞ்சுக்கு இறக்கை முளைத்தது, கண்ணைச் சுற்றி மஞ்சள் வந்தது, பார்க்கும்படியாக ஆனது. என் தோளில் ஏறி உட்காரும். என் மீசை நுனியை இழுத்துப் பார்க்கும். பந்தயம் எதைப் பற்றியது என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று சில நேரம் சந்தேகம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. காலையில் நான் ஊதுவேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஆபீஸ் பெரிய கிளாக்கர் கூலிக்காரனின் மனுவைக் கேட்பாரே, அந்த முகத்தோடு கேட்கும். கேட்டு முடித்து எச்சமிடும்.

கொடி ஏற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு காலை, நான் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கூண்டிலிருந்து சத்தம் வந்தது.

"ஃபூஸ்."

திரும்பிப் பார்த்தேன். மைனா நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நின்றது.

"ஃபூஸ், ஃபூஸ், ஃபூஸ்ஸ்."

ஒரு பிசிறு விடவில்லை. நடுவில் நான் எச்சில் விழுங்குகிற சின்ன 'க்ளக்' கூட இருந்தது. என்னைப் போல ஒரு மடையன் அதற்கு வாத்தியாராக வாய்த்தான். அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன்? அழுதிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கூண்டைச் சுற்றி ஆடினேன். மைனா படித்துவிட்டது! படித்தது என்ன என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு மத்தியானம் வரை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபெக்டரி முற்றத்தில் கூட்டம். ஒரு மைனாவைப் பார்க்க இவ்வளவு சனம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். மைனாவைப் பார்க்க யார் வந்தது? மீசை போகிறதா என்று பார்க்க வந்தார்கள். டீமேக்கர் முதலில் தன் கூண்டை எடுத்து வைத்தார். அது துரைச் சீட்டியைக் கணீரென்று அடித்தது. பங்களாப் பக்கத்தில் நாய் குரைத்தது. பிறகு என் கூண்டு.

"ஃபூஸ்" என்றது என் மாணவன்.

"ஐசே, உது பொயிலரிலை ஆவி போற சத்தம்" என்றார் டீமேக்கர்.

"நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே அடிக்குதுங்க. ஒரு பிசகு இல்ல."

"அப்ப நீர் ஒருக்கா அடிச்சுக் காட்டும் பாப்பம்."

நான் உதட்டைக் குவித்தேன். "ஃபூஸ்."

மைனா உடனே பதில் சொன்னது. "ஃபூஸ்."

"அடி ஆத்தே, ரெண்டும் ஒரே வாயி!" என்றாள் வெற்றிலைக் கிழவி. "கண்ண மூடிக்கிட்டா எது ஐயா, எது மைனான்னு தெரியலியே!"

சிரிப்பு மலையேறிப் போய்த் திரும்பி வந்தது. டீமேக்கர் கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் அவரைச் சகிப்பதில் எனக்கிருந்த பெரிய கஷ்டம். "விடும் தம்பி, பகிடிக்குச் சொன்னது. மீசையை வைச்சுக் கொண்டு போம்" என்றார்.

போயிருக்கலாம். அவர் பெருந்தன்மையாகச் சொல்லாமல் கொஞ்சம் திமிராகச் சொல்லியிருந்தால் போயிருப்பேன். என் மலைப் பெண்கள் முன்னால், டீமேக்கர் பிச்சையாகக் கொடுத்த மீசையோடு நாளைக்கு நான் எப்படி நிற்பது? "சொன்னா சொன்னதுதாங்க" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

தோட்டத்தில் முடிவெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை என்பதால், பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அங்கேயே போய்ப் பிடித்தேன். பார்க்கிற ஆட்கள் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று ஒரு எண்ணமும் உண்டு. மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"மீசைய எடுங்க."

அவர் கையிலிருந்த கத்தியைத் துணியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்தார். எங்கள் ஆட்களிடம் வளர்ந்த மனிதன் மீசையை எடுக்க ஒரே காரணம்தான் உண்டு. அப்பன் செத்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒரு பந்தயம். மைனாவுக்காக."

"சரிங்க சாமி" என்றார், பைத்தியத்தைத் தட்டிக்கொடுக்கிற குரலில். "மனசுல வச்சுக்கிட்டு வேற கத சொல்றவங்கள நெறையப் பாத்திருக்கேங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கெழக்குப் பாத்து ஒக்காருங்க."

எடுத்தார். காற்று மேலுதட்டில் பட்டது. ஏதோ கதவைத் திறந்துபோட்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது. வருகிற வழியில், ஆளில்லாத வளைவில், இனிமேல் மறிக்க ஒன்றும் இல்லையே என்று உதட்டைக் குவித்து ஊதினேன்.

"ஃபூஸ்."

ஆக, அத்தனை காலமும் மீசை குற்றமற்றதாக இருந்திருக்கிறது. தூக்குப் போட்ட பிறகு நிரபராதி என்று தெரிவது போல. நான் வழியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

முடிவெட்டுகிறவர் தன் கடமையைச் செய்துவிட்டார். சாவு சொல்வதும் அவர் வேலைதான். நான் கல்லில் உட்கார்ந்து வருத்தப்பட்டு வீடு வந்து சேருவதற்குள் செய்தி சுற்றிலும் பரவி, லொறிக்காரன் ஒருவன் கையில் ஏறி, தலவாக்கலை தாண்டியிருக்கிறது.

மறுநாள் பெரட்டு. வழக்கமாகச் சந்தைக் கடை மாதிரி இரைச்சல் இருக்கும் களம். நான் போய் நின்றதும் எல்லாம் அடங்கியது. ஆண்கள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். வெற்றிலைக் கிழவி, என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயில் வெற்றிலை இல்லாமல், முன்னால் வந்தாள். தரையில் உட்கார்ந்து மார்பில் ஒரு தட்டுத் தட்டித் தொடங்கினாள்.

"ஆறடி ஒசரமே, அரச மரத்து நெழலே, ஏலமலைக் காடே, எங்கள விட்டுப் போனீரே!"

"அம்மா, எங்கப்பா நல்லா இருக்காரு!" என்று கத்தினேன். "டயகமையில இருக்காரு!"

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் ராசா" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.

"மைனாவுக்காக எடுத்தேன்! நீங்கதானே பாத்தீங்க, நேத்து ஃபெக்டரியில!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு பறவைக்காக ஒருவன் உண்மையிலேயே மீசையை எடுப்பான் என்று அந்தக் களத்தில் ஒருத்தர் நம்பவில்லை. அது அவர்கள் அறிவைக் காட்டுகிறது, நான் என்ன சொல்ல? அப்பன் செத்த துக்கத்தையும் பந்தயத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டான் பாவம் என்று முடிவு கட்டினார்கள்.

துரை மோட்டார்சைக்கிளில் வந்தார். விஷயம் அவருக்கும் போயிருந்தது. தொப்பியை எடுத்தார். "கணக்கப்பிள்ளை, அப்பன் செத்தது. மிச்சம் வருத்தம். லீவு எடுக்கிறது."

துரைமார் தமிழில் மிச்சம் என்றால் நிறைய.

"சாகல துரை."

"அப்போ மீசை எங்கே போனது?"

"மைனா, துரை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூடைக்குள் கிடக்கிற முத்திய இலையைப் பார்க்கிற பார்வை. "மிச்ச லீவு எடுக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என் காம்பராவில் நடந்தது என் கையில் இல்லை. முன்னால் பந்தல் போட்டார்கள். அரிசி வந்தது, தேங்காய் வந்தது. தப்பு அடிக்கிறவர்கள் வந்து ஓரமாக உட்கார்ந்து தீ மூட்டித் தோலைக் காய்ச்சினார்கள். நான் மறுத்துச் சொல்லச் சொல்ல, "பேசி மனச ஆத்திக்கட்டும், விடுங்க" என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக டீமேக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மீசை மைனாவுக்காகத்தான் போனது என்று நம்பிய ஒரே மனிதர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் கலைந்திருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டார்.

"நல்ல மனுசன்" என்றார் பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்து. "அப்பிடி ஒருத்தர் இனி வரமாட்டார்."

என் பக்கம் ஒரு கண்ணைச் சிமிட்டினார். பிறகு தான் கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து மைனாவுக்குக் கொடுத்தார். அந்தத் துரோகி வாங்கித் தின்றது.

இரண்டாம் நாள் காலை, பந்தலில் சனம் நிறைந்திருந்த நேரம், கீழே படிக்கட்டில் கைத்தடிச் சத்தம் கேட்டது. என் அப்பா டயகமையிலிருந்து பஸ் பிடித்து, தலவாக்கலையில் ரயில் கோச்சி ஏறி, வட்டகொடையிலிருந்து நடந்து, தன் சாவுக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற கங்காணி. மீசை என்னுடையதற்கு அப்பன். ஆள் மட்டும் ஐந்தடியைத் தொடவில்லை.

"எவன்டா சொன்னது நான் செத்துட்டேன்னு?"

எல்லாரும் எழுந்து நின்றார்கள். வெற்றிலைக் கிழவி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. ஒங்க மகன் மொகந்தான் சொல்லுச்சு" என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாக, "இவ்ளோதானாடி? நான் ஆறடின்னுல பாடித் தொலச்சேன்" என்றாள்.

அப்பா என் எதிரே வந்து நின்றார். என் மேலுதட்டை அவர் பார்த்த மாதிரி, கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைச் செடியைக் கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"உசுரோட இருக்கிற அப்பனுக்கு மீச எடுத்த ஒரே புள்ள நீதான்டா."

"ஒங்களுக்கு எடுக்கலப்பா."

"பின்ன யாருக்கு?"

நான் கூண்டைக் காட்டினேன். அப்பா கூண்டைப் பார்த்தார். மைனா அவரைப் பார்த்தது. புது மனிதர், பெரிய மீசை. தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டியது. "ஃபூஸ்."

"இதுக்கா?" என்றார் அப்பா. "டேய், ஒனக்கு ஒதடு சின்னதுலேயே அப்படித்தான்டா. சீட்டி வராமத்தானே மாடு மேய்க்கப் போன எடத்துல மாட்டத் தொலச்சுட்டு வந்த. ஊருக்கே தெரியும். ஒன்கிட்ட மாட்டி ஒரு வாயில்லா சீவன் கெட்டுப்போச்சேடா."

டயகமையில் ஊருக்கே தெரிந்தது, இப்போது வட்டகொடையிலும் தெரிந்தது. பந்தலில் முதலில் சிரித்தது யார் என்று ஞாபகமில்லை. தப்படிக்கிறவர்கள் உட்கார்ந்தபடியே சிரித்துச் சாய்ந்தார்கள். சாவு என்று பொய்ச் செய்தி வந்தவனுக்கு ஆயுள் கெட்டி என்று யாரோ சொல்ல, அப்பாவின் கோபம் பாதி இறங்கியது. தனக்காக வடித்த சோற்றைத் தானே முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைவு என்றார். டீமேக்கரைப் பார்த்து, "நல்ல மனுசன்னு சொன்னீங்களாமே, நம்ம எங்க சந்திச்சோம்?" என்று கேட்டார். அந்த ஆள் எழுந்து, மைனாவுக்குப் பழம் கொடுக்கிற சாக்கில் கூண்டுப் பக்கம் நகர்ந்தார். அதையாவது பார்த்தேன்.

புறப்படும்போது அப்பா மைனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சிரிப்பதற்காம். நான் கூண்டைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்றைக்கே பாலை மறுபடியும் தேத்தண்ணீரில் ஊற்றிக்கொண்டேன். நன்றாக இருந்தது.

அடுத்த நாள் மலைக்குப் போனேன். "முத்தலை எடுக்காத" என்றேன். யாரும் கோபிக்கவில்லை, யாரும் பயப்படவில்லை. "சரி தம்பி" என்றார்கள். தம்பி! நாலாம் நம்பர் மலையில் ஒரு கணக்கப்பிள்ளையைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மழை வந்தால், "தம்பி, அந்தப் பாறைக்கடியில ஒண்டிக்க, நனஞ்சா சளி புடிக்கும்" என்றார்கள். மத்தியானம் ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துக் கையில் வைத்தார்கள். அதிகாரம் செய்யப் போன இடத்தில் எனக்குச் சோறூட்டினார்கள். வெட்கமில்லாமல் தின்றேன்.

மீசையை வளர்த்தேன். வேறெந்தப் பயிருக்கும் நான் அவ்வளவு பாடுபட்டதில்லை. எண்ணெய், விளக்கெண்ணெய், யாரோ சொன்ன கரிசலாங்கண்ணி. முதலில் முள், பிறகு தூரிகை, அதற்கப்புறம் திருவிழா முடிந்து வெகுநாள் கழித்து ஒருவழியாகப் பழைய சுழி. இனிமேல் சரியாகிவிடும் என்று அன்று கொஞ்சம் நேரத்தோடு மலைக்குப் போனேன்.

இறம்பொடைப் பக்கமிருந்து அந்த லயத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் நிரையில் நின்றாள். என்னைக் கண்டதும் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, "கும்புடுறேங்க ஐயா" என்றாள். காதில் தேன் விழுந்தது. மீசையை ஒரு முறுக்கு முறுக்கினேன்.

நிரை முழுக்கத் தலைநிமிர்ந்து பார்த்தது. வெற்றிலைக் கிழவி இரண்டு செடிக்கு அப்பால் நின்று, கையை நிறுத்தாமல், அந்தப் பெண்ணுக்குத் தோட்டத்து நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தாள்.

"அவுங்க நம்ம தம்பிதான்டி. பயப்படாம கொழுந்த எடு."

"அப்படியா?" என்றாள் அந்தப் பெண். என் மீசையை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கொழுந்தெடுக்கத் தொடங்கினாள்.